அந்த முகவரியில் அப்போது யார்?

நான் வேலை பார்த்த பிரிவுக்கு ‘அப்யூஸ் டெஸ்க்’ என்று பெயர். இன்டர்நெட் இணைப்பு தரும் கம்பெனிகளில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் இணைப்பை வைத்துக்கொண்டு யாராவது அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தாலோ, கேட்காதவர்களுக்கெல்லாம் விளம்பர மெயில் அனுப்பினாலோ, பாதிக்கப்பட்டவர்கள் எழுதும் புகார் அந்த மேஜைக்கு வரும். சேர்ந்த புதிதில், கேரளத் தலைநகரில் ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, அப்யூஸ் என்றால் என்ன என்று என் மாமியார் தன் பிள்ளையைக் கேட்டார். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “திட்டறதும்மா” என்றார்.

“ஏண்டி கோமதி, திட்டு வாங்கிக்கறதுக்கா நோக்குச் சம்பளம் தரா?”

“பாதி நாள் அதுதாம்மா” என்றேன். பொய் இல்லை. மறுநாள் எதிராத்து மாமியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது: “வெளிநாட்டுக்காராள்ளாம் திட்டறாளாம். இவ இங்கிலீஷ்லயே வாங்கிக்கறா!” அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் ஸ்ரீஜா போன மாதம் ஒரு கல்யாணத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். புகாரைப் படிப்பதும், முகவரியைத் தேடுவதும், இணைப்பை நிறுத்துவதும் இன்று மெஷினே செய்துவிடுகிறதாம். “சேச்சி, நீங்கள்லாம் ஆளுக்கு ஆள் போன் பண்ணிக் கேப்பீங்களாமே, உள்ளதுதானா?” என்றாள். அதற்குள் இலையில் அடைப் பிரதமன் வந்துவிட்டது. அந்தப் பாயசத்தின் முன்னால் வேறு எந்தப் பேச்சும் எடுபடாது. அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா, தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தது, இரண்டு பிள்ளைகள். தொண்ணூறுகளின் கடைசி வரை என் கதை அவ்வளவுதான். தனியார் கம்பெனிகளும் இன்டர்நெட் இணைப்பு விற்கலாம் என்று ஆனபோது ஸ்டேச்சு ஜங்ஷனில் ஒரு மாடியில் தொடங்கிய சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ஏசி, மோடம்கள் அடுக்கிய அறைக்கு மட்டும். எங்களுக்கு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே செக்ரட்டேரியட்டை நோக்கி நாள் தவறாமல் ஒரு ஊர்வலம் போகும். ஒரு முறை போனில் பேசிக்கொண்டிருந்த கனடாக்காரர் கோஷத்தைக் கேட்டுப் பதறி, “அங்கே கலவரமா? நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?” என்றார். “கலவரம் இல்லை, ஆசிரியர்கள்” என்று சொன்னேன்.

எங்கள் மேலதிகாரி அன்னம்மா மேடம். கோட்டயத்துக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராகி, விருப்ப ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். பால் சேர்க்காத கட்டன் சாயாவும் கையுமாக உட்கார்ந்திருப்பார். புகார் எதுவாக இருந்தாலும் அவருக்கு முன்னால் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். படிக்கிறவர் நடுவில் “இந்த ஹேக்கர்” என்று சொல்லிவிட்டால் ஒரு கண் மட்டும் திறக்கும்.

“ஆரு ஹேக்கர்?”

“கடிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கு, மேடம்.”

“எழுதினவர் அவனைக் கண்டோ?”

“இல்ல மேடம். முகவரியைத்தான் பாத்திருக்கார்.”

“அப்போ முகவரின்னு வாசி, மோளே.”

அவருடைய முறை இதுதான். மெயில் பற்றிய புகாரானால் அந்த மெயிலின் தலைப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஒரு மெயில் எத்தனை கம்ப்யூட்டர் வழியாக வருகிறதோ, அத்தனையும் அதன் தலையில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். கடைசியில் குத்தியது மேலே இருக்கும். பொய் சொல்கிறவன் அடியில் நாலைந்து போலி முத்திரைகளைச் சேர்த்து அனுப்புவான். ஆனால் அதற்குப் பிறகு மேலே விழுவது அவன் கையில் இல்லை. அதனால் மேலிருந்து கீழே இறங்கி, எந்தப் படியில் நம்பிக்கை அறுபடுகிறதோ அங்கே நிற்க வேண்டும். அங்கே இருக்கும் எண் எங்கள் கம்பெனியுடையதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையதுதான் என்றால், அந்த நேரத்தில் அந்த எண் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று தேட வேண்டும். அதன் பிறகும் இணைப்பை வெட்டக் கூடாது. போன் செய்து பேச வேண்டும். “வயரை வெட்ட ஒரு நிமிஷம் போதும். ஆளோட ஒரு வார்த்தை பேசிட்டு வெட்டு” என்பார்.

இதில் ‘அந்த நேரத்தில்’ என்பதுதான் உயிர். அன்றைய இணைப்பெல்லாம் டெலிபோன் வழியாக. வாடிக்கையாளர் டயல் செய்தால், காலியாக இருக்கும் எண்களில் ஒன்று அவருக்குக் கிடைக்கும். அவர் வைத்துவிட்டால் அதே எண் வேறொருவருக்குப் போகும். மேடம் இதைத் தம்பானூர் லாட்ஜோடு ஒப்பிடுவார். அறை எண் மாறாது, ஆள் மாறிக்கொண்டே இருப்பான். எந்த நாள், எந்த நேரம் என்று கேட்காமல் அறைக் கதவைத் தட்டினால், உள்ளே பாவம் யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படிக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு முறை கன்னியாஸ்திரீகள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்ததாகப் புகார். என்னோடு வேலை செய்த பிஜு, துடிப்பான பையன், கடகடவென்று தேடி ஒரு கான்வென்ட்டின் பெயரை எடுத்துவிட்டான். இணைப்பை நிறுத்தும் பட்டன்மேல் அவன் கை போய்விட்டது.

“பிஜு, ஆரோட கிளாக்?” என்றார் மேடம், சாயாவை ஊதியபடி.

“என்ன கிளாக் மேடம்?”

“அவங்க எழுதியிருக்கிற நேரம் ஆரோட சுவர்ல தொங்குற கிளாக்?”

அது அமெரிக்க நேரம். எங்கள் நேரத்துக்கு மாற்றித் தேடினால் அதே எண் ஒரு இன்ஜினியரிங் மாணவர் விடுதியில் இருந்தது. போன் செய்தபோது அங்கே தங்கியிருந்த ஒரு பையன், “பூட்டு நல்ல பூட்டான்னு பாத்தேன் மேடம், வேற ஒண்ணுமில்ல” என்று அழ ஆரம்பித்துவிட்டான். மேடம் அவனைத் திட்டவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவன் கைப்பட மன்னிப்பு எழுத வைத்தார். பூட்டு நல்ல பூட்டுதான் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். பிஜு அதற்குப் பிறகு எந்தப் புகாரைக் கையில் எடுத்தாலும் முதலில் சுவரைப் பார்ப்பான்.

இன்னொருவர் கரமனையில் இருந்த கல்யாணத் தரகர் வைத்தி மாமா. ஸ்பாம் அனுப்புகிறவர்களிலேயே அவரைப் போல நல்ல மனம் கொண்டவரை நான் பார்த்ததில்லை. எங்கிருந்தோ ஆயிரக்கணக்கான மெயில் முகவரிகளைச் சேர்த்து, எல்லோருக்கும் ஜாதகம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் ஒரு பேராசிரியர், தனக்குக் கல்யாணமாகிப் பேரன் எடுத்தாயிற்று என்றும், விசாக நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணைப் பற்றித் தனக்கு ஏன் தொடர்ந்து தெரிவிக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதியிருந்தார்.

“மாமா, வேண்டாங்கறவாளுக்கு அனுப்பப்படாது” என்றேன் போனில்.

“அவருக்கு வேண்டாம், சரி. பேரனுக்கு வேண்டியிருக்காதோ?”

“அவா வேற தேசம், வேற மதம், மாமா.”

“கொழந்தே, கல்யாணத்துல எது எங்க போய் முடியும்னு நீ கண்டியா நான் கண்டேனா?”

கடைசியில் மேடமே போனை வாங்கிப் பேசினார். கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவதாக வைத்தி மாமா சத்தியம் செய்தார். வைப்பதற்கு முன், மேடத்துக்குக் கல்யாண வயதில் ஒரு பையன் இருப்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். “கிறிஸ்டியன் சைடுலயும் நமக்குத் தெரிஞ்சவா இருக்கா மேடம்” என்றாராம். மேடம் போனை வைத்துவிட்டு வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிரித்த நாட்களே அதிகம். சிரிக்க முடியாமல் போன ஒரு வழக்கைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனை. அதன் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஹென்ரிக் என்பவர் எழுதியிருந்தார். சில மாதங்களாக எங்கள் எண்களிலிருந்து யாரோ அவர்கள் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே நுழையவில்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. அவர் புத்திசாலி. நேரத்தோடு எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதியிருந்தார். ஒவ்வொரு முறையும் எண் வேறு. ஆனால் நுழையக் கொடுக்கும் பெயர் மட்டும் ஒன்றே. அது அர்த்தமில்லாத எழுத்துக் கோவை, ஏதாவது ரகசியக் குறியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

வழக்கம்போல மேடத்தின் முன்னால் வாய்விட்டுப் படித்தேன். அந்தக் கோவையை எழுத்து எழுத்தாகச் சொல்லி முடித்ததும் நானே நிறுத்திவிட்டேன். மேடம் இரண்டு கண்ணையும் திறந்தார்.

“செண்பகம்” என்றேன்.

“நம்மட செம்பகப் பூவோ?”

“எங்க ஊர்ப் பக்கம் பொண்ணுக்கு வைக்கிற பேரு, மேடம்.”

எண்கள் எல்லாவற்றையும் தேடியபோது ஒரே வாடிக்கையாளரிடம் வந்து நின்றன. சாலை பஜாரில் மிளகு, மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் சிதம்பரம் என்பவர். எனக்குக் குழப்பமாக இருந்தது. திருட வருகிறவன் ஒரு சாவி சேராவிட்டால் அடுத்த சாவியைப் போடுவான். இங்கே மாதக்கணக்கில் ஒரே சாவி, ஒரே பூட்டு. அதுவும் பகலில் மட்டும், கடை திறந்திருக்கும் நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை சத்தமே இல்லை. வாரநாட்களிலும் சில நாள் முழுக்க அமைதியாக இருந்தது. அந்தத் தேதிகளைச் சொன்னதும் பிஜு, “சேச்சி, அன்னைக்கெல்லாம் ஹர்த்தால்!” என்று கத்தினான். ஊரில் கடையடைப்பு என்றால் எங்கள் ஹேக்கரும் லீவு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

போன் செய்யலாம் என்று எடுக்கும்போது இன்ஸ்பெக்டர் ராஜீவன் உள்ளே வந்தார். மருத்துவமனை எங்களுக்கு எழுதியதோடு நிற்கவில்லை. தங்கள் அரசாங்கத்துக்கும் எழுதி, அது டெல்லி வழியாக இறங்கி, போலீஸ் உத்தரவாக அவர் கையில் வந்திருந்தது.

“மேடம், பேரும் விலாசமும் வேணும். ஆஸ்பத்திரி. நோயாளிகள் உயிர் விஷயமாணு. மேலேருந்து பிரஷர்.”

மேடம் உத்தரவை ஒரு வரி விடாமல் படித்தார். “தரணும். நியமம் அது. பட்சே கோமதி உங்க கூட வரும். அவ பாத்து முடியற வரை அந்த மெஷினை ஆரும் ஆஃப் பண்ணக்கூடாது.”

“அது எந்தா மேடம்?”

“ஆஃப் பண்ணி எடுத்தா உங்க கையில இருக்கிறது ஒரு பெட்டி. ஓடிட்டிருந்தா அதுவே சொல்லும், என்ன பண்ணுதுன்னு.”

ராஜீவன் யோசித்துத் தலையாட்டினார். பெயரைத் தந்தோம். கிளம்பும்போது நான் ஹர்த்தால் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சேச்சி, செண்பகம்னு பேரே கொடுத்திருக்கே. அந்தப் பெண்ணைப் பிடிச்சா கேஸ் தீர்ந்து” என்றார். நான்தான் அந்த எழுத்துக் கோவையைப் பெயராக்கிக் கொடுத்திருந்தேன்.

ஓண நெருக்கடி. ஜீப்பைக் கிழக்கேகோட்டையில் விட்டுவிட்டுச் சாலைக்குள் நடந்துதான் போக முடிந்தது. சிதம்பரம் அண்ணாச்சியின் கடையில் வற்றல் மூட்டைகள் வாசல் வரை அடுக்கியிருந்தன. படியேறியதுமே ராஜீவனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

“வாங்க சார், வாங்கம்மா. என்ன வேணும்? வத்தலா, மல்லியா?”

“ஹேக்கிங்” என்றார் ராஜீவன், இரண்டு தும்மலுக்கு நடுவில்.

அண்ணாச்சி ஒரு கணம் யோசித்தார். “அது நம்மகிட்ட வராதே சார். ஆரியசாலைக் கடைகள்ல கேட்டுப் பாருங்க.”

கடையின் பின்பக்கம், தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்த கம்ப்யூட்டர் இருந்தது. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே யாரும் தொடாமல் அதன் பக்கத்திலிருந்த மோடம் டயல் செய்யத் தொடங்கிக் கீச்சென்று கத்தியது. மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இது எப்பவும் இப்படித்தானா அண்ணாச்சி?”

“அப்பப்பக் கத்தும்மா. பயலுக குயிலுன்னு பேரு வச்சிருக்கானுவ.”

ராஜீவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “செண்பகம் ஆரு?”

அண்ணாச்சியின் முகம் மாறியது. “எம் பொண்ணு சார். மாடியில வீடு. ஏன்?”

வெளிநாட்டு ஆஸ்பத்திரி, திருட்டு முயற்சி, வழக்கு என்று ராஜீவன் சொல்லச் சொல்ல, அவர் தராசுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் நான்தான் பண்ணுனேன்.”

“என்ன பண்ணீங்க?”

“நீங்க சொன்னதுதான்.”

“நான் என்ன சொன்னேன்?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். உதவி எதுவும் கிடைக்கவில்லை. “அந்த... ஆஸ்பத்திரி வேல” என்றார்.

“செஞ்சு காட்டுங்க பாக்கலாம்.”

அவர் உட்கார்ந்தார். உறையை மெல்ல எடுத்தார். மவுஸைக் கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் மேசையிலிருந்து தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. நெற்றியில் வேர்வை. சிரிப்பு வந்திருக்க வேண்டிய காட்சி. எனக்கு வரவில்லை.

அதற்குள் யாரோ மேலே போய்ச் சொல்லி, செண்பகம் இறங்கி வந்துவிட்டாள். கல்லூரி முடித்த பெண். போலீஸைப் பார்த்து வெளிறிப்போயிருந்தாள். ஆனால் அப்பா கையிலிருந்த மவுஸைப் பார்த்ததும் நேராக வந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அப்பா, நீங்க ஒண்ணும் மிண்டாம இருங்க. சார், இந்த மெஷின்ல என்ன இருந்தாலும் அது நான் போட்டதுதான். அப்பாக்கு இதை ஆன் பண்ண மட்டும்தான் தெரியும்.”

“எந்தினா மோளே ஆஸ்பத்திரிக்குள்ள போகப் பாத்தே?” என்றார் ராஜீவன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“எந்த ஆஸ்பத்திரி?”

அவள் நடிக்கவில்லை என்பது எனக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, “மெஷின் ஆன் ஆனதும் தானா ஓடுற மாதிரி ஏதாவது எழுதி வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். கண் பெரிதானது.

“சேச்சி... ப்ராஜெக்ட்.”

கல்லூரியில் கடைசி வருஷம் எல்லோரும் ஏதாவது செய்து காட்ட வேண்டும். செண்பகம் அப்பாவின் கடையை எடுத்துக்கொண்டாள். கணக்குப் பிள்ளை தினமும் ஏற்றும் மிளகு, வற்றல் விலையை, தானாக டயல் செய்து ஒரு இலவச இணையப் பக்கத்துக்கு அனுப்பும் புரோகிராம். வாங்க நினைப்பவர்கள் எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல மார்க் வந்தது. பரீட்சை வந்தது. பக்கத்தை அதற்குப் பிறகு அவளும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த இலவச நிறுவனம் எப்போதோ மூடப்பட்டிருந்தது. பக்கத்தின் பெயரைக் கொடுத்தால் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகிறது என்று அவள் அந்த இடத்தின் எண்ணையே நேராக எழுதி, நுழையத் தன் பெயரையும் கொடுத்துவைத்திருந்தாள். நிறுவனம் போனதும் அந்த எண் வேறு கைக்குப் போய்விட்டது. அதாவது லாட்ஜ் அறையில் இப்போது மருத்துவமனை. அனுப்ப முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவள் எழுதியிருந்தாள்: மறுபடி முயற்சி செய். எப்போது நிறுத்துவது என்று மட்டும் எழுதவில்லை.

ராஜீவன் முழுவதையும் கேட்டார். “இது எல்லாம் சரி. மேலே நான் எப்படிச் சொல்றது? இவ சொன்னான்னா? கேஸ் போட்டுட்டு பின்னே கோர்ட்டில தெளியட்டும்.”

“கேஸ்னு வந்தா எனக்குப் பெங்களூர் வேலை போயிடும் சார்” என்றாள் செண்பகம். சொன்ன பிறகுதான் அப்பா அங்கே இருப்பது அவளுக்கு உறைத்தது. அந்த வேலைக்கு அனுப்ப முடியாது என்று அண்ணாச்சி ஏற்கனவே சொல்லியிருக்கிறார். அவளோ வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டிருக்கிறாள். அண்ணாச்சி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கடைப் போனில் மேடத்தைக் கூப்பிட்டேன். மோடத்துக்குத் தனி லைன் இருந்தது நல்லதாகப் போயிற்று. நடந்ததைச் சொன்னேன். “அந்த ஹென்ரிக்கோட ராஜ்யத்துல இப்போ காலை நேரம். லைன்லயே நில்லு” என்றார். மற்றொரு போனில் அவர் டயல் செய்வது கேட்டது. பழைய ஆபரேட்டர் அல்லவா! பிஜு பிற்பாடு வர்ணித்ததுபோல, வலக் காதில் ஐரோப்பா, இடக் காதில் சாலை, நடுவில் மேடம். இந்தப் பக்கம் ரிசீவரை நானும் ராஜீவனும் தலையோடு தலை வைத்துக் கேட்டோம்.

“கோமதீ, அவரு ஸ்கிரீனைப் பாத்துட்டிருக்கார். தட்டுது, தட்டுதுன்னு சொல்றார்.”

“செண்பகம், நிறுத்து” என்றேன்.

அவள் நிறுத்தினாள். கடையில் தராசுச் சத்தம்கூட நின்றுபோனதாக எனக்கு நினைவு.

“நின்னுபோச்சாம்.”

“ஒரே ஒரு தடவை அனுப்பு.”

கீபோர்டில் ஒரு தட்டு.

“வந்தாச்சு! ஒரு தடவை!” மேடத்தின் குரல் உயர்ந்தது. “இன்னொரு தடவை பாக்கணும்ங்கிறார். இந்த முறை எப்போன்னு சொல்லாம அனுப்பச் சொல்லு.”

ராஜீவன் கையை உயர்த்தி எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். அவரே கொஞ்சம் காத்திருந்து, செண்பகத்திடம் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் தட்டினாள். உடனே ரிசீவரில் தூரத்திலிருந்து ஒரு ஆணின் குரல், ஆங்கிலத்தில், “நவ்!” என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. ராஜீவன் தொப்பியைக் கழற்றி மூட்டைமேல் வைத்தார்.

“கோமதீ, ஹென்ரிக் ஒரு காரியம் கேக்கறார்” என்றார் மேடம். “இத்தனை மாசமா அது என்னத்தைச் சொல்லத்தான் தட்டிச்சாம்?”

செண்பகத்திடம் கேட்டேன். “மொளகு வெல” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஐரோப்பாவில் ஒருவர் சிரித்த சிரிப்பு, கோட்டயத்துக்காரர் சிரிப்போடு சேர்ந்து, சாலைக் கடையில் வந்து விழுந்தது. இன்றைய விலை என்ன என்று கேட்கிறாராம். ரிசீவரை அண்ணாச்சி பக்கம் நீட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் ரகத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். “எவ்வளவு வேணும்னு கேளுங்கம்மா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக ஹென்ரிக் அன்றே எழுதிவிட்டார். அது வந்த வழியே டெல்லி சுற்றித் திரும்பி வர நாளாயிற்று. ஆனால் ராஜீவன் அன்று யாரையும் அழைத்துப் போகவில்லை, எதையும் எடுத்துப் போகவில்லை. கடையைவிட்டு இறங்கும் முன் அண்ணாச்சியிடம் கேட்டார்: “ஒண்ணும் தெரியாத நீங்க எதுக்கு நான்தான்னு சொன்னீங்க? உள்ளே தள்ளியிருப்பேனே.”

“அவ என்ன பண்ணுனான்னு எனக்குத் தெரியாது சார்” என்றார் அண்ணாச்சி. “ஏதோ பெருசாப் பண்ணியிருக்கான்னு மட்டும் தெரிஞ்சுது. அதான் முந்திக்கிட்டேன்.”

செண்பகம் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், அவிழ்ந்திருந்த ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டார்: “பெங்களூருக்கு எந்த ரயிலு?”

அவள் சொன்னாள். குரல் உடைந்திருந்தது.

“நானும் வாரேன். எடத்தைப் பாத்துட்டுத் திரும்பிருதேன்.”

அவர் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அவள் இன்று அங்கேயே குடும்பமாக இருக்கிறாள், பெரிய பொறுப்பில். கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றிலும் எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். இருந்தாலும் அண்ணாச்சிக்கு அந்த மெஷின்மேல் நம்பிக்கை வரவில்லை. அவள் போன மறுவாரம் ஆபீசுக்குப் போன் வந்தது.

“எம்மா, நம்ம மெஷினு எங்கயும் போயித் தட்டலையே?”

“இல்ல அண்ணாச்சி.”

“நல்லாப் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன் அண்ணாச்சி.”

இது வழக்கமாகிவிட்டது. மேடம் ஓய்வு பெற்றார், பிஜு துபாய் போனான், டயல் செய்யும் இணைப்பே இல்லாமல் போயிற்று. அண்ணாச்சியின் போன் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் ஓய்வு பெற்றபோது வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடையை இப்போது தம்பி மகன் பார்க்கிறான். அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அதை நான் அவரிடம் எடுத்துச் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு முறை கூப்பிட்டார். எங்கேயும் தட்டவில்லை என்று உறுதி சொன்னேன். செண்பகத்தின் மகள் பள்ளிக்கூடத்தில் ஏதோ பரிசு வாங்கிய கதையைச் சொன்னார். பிறகு வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“இருங்கம்மா, வச்சிராதீங்க” என்றார். “இன்னைக்கு மொளகு வெல கேட்டீங்களா?”

கேட்கவில்லை என்றேன். முதல் ரகத்திலிருந்து தொடங்கினார்.